எல்லாம் சரியாயிருச்சு

ஜூன் 4, ஞாயிறு

என் மாவு மில்லுக்கு இன்று லீவு. பெல்ட் மாற்ற வருகிறேன் என்றவன் வரவில்லை. வந்திருந்தால் அவனோடாவது ஒரு சண்டை போட்டிருப்பேன். தரணியின் அப்பா போன பிறகு, திட்ட வீட்டில் ஆளில்லாமல் போய்த்தான் இந்த டைரி பழக்கமே எனக்கு வந்தது. இன்றைக்கு என்னவென்றால் முதலில் திட்டக்கூட வாய் வரவில்லை.

தரணி காலை ரயிலில் பெங்களூரிலிருந்து ஈரோடு வந்தான். குளித்துவிட்டு இட்லிக்கு உட்கார்ந்தான். தட்டைப் பார்த்துக்கொண்டே, ஒரு பெண்ணோடு பழகிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். பெயர் சுகிர்தா. அவளைப் பிடித்திருக்கிறது, அடுத்த வாரம் கூட்டி வரட்டுமா என்றான். நான் சட்னிக் கரண்டியோடு நின்றவள் நின்றபடியே இருந்தேன்.

இதை வேறொருத்தி கேட்டிருந்தால் ‘மகன் பெண் பார்த்துவிட்டான்’ என்று பாயசம் வைத்திருப்பாள். என் கதை அப்படியில்லையே.

இவனுக்கு இருபத்து நாலு வயதில், என் அண்ணன் சென்னியப்பன் கொடுமுடியிலிருந்து பெரியவர்களோடு வந்தார், தன் ஒரே மகள் பிருந்தாவை இவனுக்குப் பேச. முறைப்பெண். அவள் தொட்டிலில் கிடக்கும்போதே பேசி வைத்த சம்பந்தம். அத்தனை பேருக்கு நடுவில் இவன் எழுந்து நின்று, “மாமா, எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வராதுங்க. எனக்குப் பசங்களத்தான் புடிக்கும். பிருந்தாவ ஏமாத்த மாட்டேனுங்க” என்றான். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான். என் புருஷன் செத்தபோது மில்லை விற்கவிடாமல் கூடவே நின்று எனக்கு ஒரு பிழைப்பை உண்டாக்கிக் கொடுத்தவர். அவரா, மகனா என்று வந்தபோது நான் மகன் பக்கம் நின்றேன். ஏழு வருஷமாக அண்ணன் வாசல் எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு நான் சும்மா இருந்தேனா? கோயமுத்தூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் மாதா மாதம் கூடுகிற இடத்துக்குப் போனேன். கேட்டேன், படித்தேன், கடைசியில் நானே மைக் பிடித்துப் பேசினேன். இது நோய் இல்லைங்க, மாறாதுங்க, மாத்தப் பாக்காதீங்க என்று எத்தனை அம்மாக்களுக்குச் சொல்லியிருப்பேன்.

இப்போது இவன் வந்து பெண் என்கிறான்.

“அப்ப அன்னிக்கு மாமாகிட்டச் சொன்னது பொய்யாடா?” என்று கேட்டேன்.

“பொய் இல்லம்மா. அன்னிக்கு அது நெசம். இன்னிக்கு இதும் நெசம்.”

அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. நாலு தெரு கேட்கிற மாதிரி திட்டினேன். என்னைக் கிறுக்கி என்று நினைத்தாயா, உனக்காக ஒறம்பரை, சொந்தபந்தம் முழுக்க இழந்து நிற்கிறேன், நீ சட்டை மாற்றுகிற மாதிரி வந்து சொல்கிறாய் என்றேன். அவன் பொறுமையாக இட்லியை முடித்துவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தான். அந்தக் குணம் அப்படியே அவன் அப்பா.

ஜூன் 5, திங்கள்

மஞ்சள் இரண்டு மூட்டை, மிளகாய் ஒன்றரை. பெல்ட் மாற்றியாயிற்று. யாரையும் திட்டவில்லை. என்னக்கா இன்னிக்கு மூஞ்சி பளபளன்னு இருக்குது என்று ரெண்டு பேர் கேட்டார்கள். மஞ்சள் தூள் படிந்திருக்கும் என்றேன்.

ஜூன் 7, புதன்

பொறுக்க முடியாமல் நானே போன் போட்டேன். ரெண்டில் ஒன்றைச் சொல்லு, நீ அதுவா இதுவா என்றேன். இரண்டு பக்கமும் ஆசை வருகிறவர்கள் இருக்கிறார்கள் அம்மா என்று ஆரம்பித்தான். அது எனக்குத் தெரியாதாக்கும், கோயமுத்தூரில் அப்படி ஒரு பையனின் அம்மாவுக்கு நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன், நீ அதுதானா, அதையாவது முடிவாகச் சொல்லு என்றேன். அதுவும் சரியாகத் தெரியவில்லை என்கிறான். சுகிர்தாவுக்கு முன்னால் எந்தப் பெண்ணையும் அப்படிப் பார்த்ததில்லையாம். இவளுக்குப் பிறகு யாரைப் பார்ப்பான் என்றும் தெரியாதாம்.

முப்பத்தொரு வயதில் ஒருத்தனுக்குத் தன்னைப் பற்றித் தெரியாதா? பெயர் எழுதாத மூட்டையை நான் மில்லில் இறக்கவே விடமாட்டேன். யாருடைய மிளகாய் யாருடைய மல்லி என்று அப்புறம் யார் அடித்துக்கொள்வது? அதையே அவனிடமும் சொன்னேன்.

“மாமா முன்னாடி நின்னப்ப எனக்கு ஒரு பேரு வேண்டியிருந்துதும்மா. ஒரு பேரைக் கெட்டியாச் சொன்னாத்தான் விடுவாங்க. தெரியலன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே தாலி கட்ட வெச்சிருப்பீங்க” என்றான்.

‘வெச்சிருப்பாங்க’ என்றில்லை, ‘வெச்சிருப்பீங்க’ என்றான். என்னையும் சேர்த்து.

ஜூன் 9, வெள்ளி

பாவாயி நங்கைக்கு ஒரு போன் போட்டேன். நங்கை என்றால் அண்ணன் பெண்டாட்டி. ஏழு வருஷம் கழித்து, சும்மாதான், உடம்பெல்லாம் எப்படி என்று விசாரிக்க. பேச்சோடு பேச்சாக, தரணிக்கு எல்லாம் சரியாயிருச்சு, பொண்ணு பாத்துட்டான் என்று சொன்னேன். நங்கை அழுகிற மாதிரி இருந்தது. சந்தோஷமாக இருக்கும்.

ஜூன் 11, ஞாயிறு

சுகிர்தா வந்தாள். தென்காசிக்காரி, பெங்களூரில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. நல்ல உயரம், சிரித்த முகம். வந்ததும் வராததுமாக என் கண்ணாடியைக் கழற்றி வாங்கிப் பார்த்து, பவர் மாறியிருக்கும் ஆன்ட்டி, இதை வைத்துக்கொண்டு எப்படிக் கணக்கெழுதுகிறீர்கள் என்றாள். பிடித்துப் போயிற்று.

ஒப்புட்டு, அதான் போளி, தட்டினேன். வடை, பாயசம், இலை போட்டு ஐந்து பொரியல். கல்யாணத்தின்போது அம்மா எனக்குப் போட்ட வளையல் ஒன்று இருந்தது, அதை எடுத்து அவள் கையில் போட்டுப் பார்த்தேன். சும்மா அளவு பார்க்கத்தான். தெருவில் மூன்று வீட்டுக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன்.

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன், தரணியின் பழைய கதையெல்லாம் உனக்குத் தெரியுமா கண்ணு என்று. அந்தப் பெண் அப்பளத்தை ஒடித்துக்கொண்டே, “ஜெரால்டுதான் ஆன்ட்டி எங்க ரெண்டு பேரையும் அறிமுகப்படுத்தி வச்சதே” என்றாள். எனக்குப் புரையேறிவிட்டது. ஜெரால்டு என்பது தரணியோடு நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்த பையன். போன வருஷம் பிரிந்தார்கள். பிரிந்தவன் கொண்டுவந்து ஒரு பெண்ணை அறிமுகப்படுத்தி வைத்தானாம், மூன்று பேரும் இப்போதும் சேர்ந்து சினிமாவுக்குப் போகிறார்களாம். என்ன பிள்ளைகளோ, என்ன காலமோ. சாமி, எனக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது.

கிளம்பும்போது சுகிர்தா ஆட்டோவில் ஏறிவிட்டாள். தரணி செருப்பு மாட்டுகிற சாக்கில் நின்றான்.

“நீ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லம்மா. நாலு வருசம் ஜெரால்டு இந்த வீட்டுக்கு வந்துட்டுத்தான் இருந்தான்.”

“நாலு வருசமும் சோறு போட்டனேடா” என்றேன்.

“போட்ட” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஜூன் 12, திங்கள்

ராத்திரி முழுக்க மனசு ஆறவில்லை. நான் என்ன குறை வைத்தேன்? ஜெரால்டு வந்தால் ஒருநாள் முகம் சுளித்திருப்பேனா? பொங்கலுக்குத் தரணிக்கு வேட்டி எடுத்தால் அவனுக்குத் துண்டு எடுத்தேன். தெருவில் கேட்டால் கூட ரூமில் தங்கியிருக்கிற பையன் என்று சொன்னேன், அது அந்தப் பையன் மரியாதைக்காக. அவர்கள் பிரிந்தபோது இவன் போனில் அழுத அழுகைக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன். சொல்லிவிட்டுப் படுத்தவள் விடியும்வரை எழவில்லை. அப்படி ஒரு தூக்கம் அன்றைக்கு. மில் வேலை அசதி.

நன்றி கெட்ட பயல்.

ஜூன் 16, வெள்ளி

எழுத்து கோணல் மாணலாக வருகிறது.

மத்தியானம் மில் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் யாரோ நிற்கிற நிழல். நிமிர்ந்தால் அண்ணன். தலை முழுக்க நரைத்துவிட்டது. “அம்மிணி” என்றார். அந்தக் குரலைக் கேட்டு ஏழு வருஷம். மில்லை நிறுத்திவிட்டு, வாங்கண்ணா என்று சொல்லக்கூட முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குள் கூட்டிப்போய்ச் சோறு போட்டேன். இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவிய பிறகுதான் சொன்னார்.

பிருந்தாவுக்கு இருபத்தொன்பது வயதாகிறது. வந்த மாப்பிள்ளையை எல்லாம் வேண்டாம் என்றாள். தரணி வேண்டாமென்று சொன்ன ஏக்கம்தான் என்று இத்தனை வருஷம் அவனைச் சபித்துக்கொண்டிருந்தாராம். ஆறு மாதத்துக்கு முன்னால்தான் தெரிந்ததாம், அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் கூட வேலை செய்த ஒரு பெண்ணோடு காங்கேயத்தில் வீடு பார்த்து வைத்திருக்கிறாள் என்று. கூட்டாளி என்று நினைத்தால், அப்படி இல்லையாம். வாழ்ந்தால் அவளோடுதான் என்றாளாம். அண்ணன் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். வேலையை நிறுத்தி, போனைப் பிடுங்கி, தோட்டத்து வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்.

பிருந்தாவா? கோலம் போடுகிற கையால் எனக்கு மருதாணி வைத்துவிடுகிற அந்தக் குழந்தையா?

“உம் பையனுக்குச் சரியாயிருச்சுன்னு நங்கைகிட்டச் சொன்னயாம். அதைக் கேட்டதுக்கப்பறம்தான் அம்மிணி எனக்கு உசுரே வந்துது” என்றார்.

அப்புறம்தான் வந்த விஷயத்துக்கே வந்தார்.

“அவனுக்கு ஆனது இவளுக்கும் ஆகும். வேற எவன்கிட்டயும் இவளக் குடுக்க முடியாது. அவங்கிட்ட இவ கதையச் சொல்லிரலாம், இவளுக்கு அவன் கதை தெரியும். ஒருத்தர ஒருத்தர் காட்டிக் குடுக்க மாட்டாங்க. முறையும் இருக்குது. ரெண்டு பேரையும் சேத்து வெச்சரலாம்.”

அவன் ஏற்கெனவே ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டானுங்ண்ணா என்றேன். என்ன சாதி என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது, நான் கேட்கவே இல்லை. மிளகாய் அரைக்க வருகிற புதுப் பெண்ணிடம்கூட ஊர் எது, என்ன ஆளுங்க என்று கேட்டுவிடுகிற நான், சுகிர்தாவிடம் கேட்கவே இல்லை. பொண்ணு என்றதும் போதுமென்று இருந்துவிட்டேன்.

அண்ணன் வரும் முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை வளர்பிறையில் உப்புச் சர்க்கரை மாற்றிவிடலாம் என்கிறார். எங்கள் பக்கம் சம்பந்தம் உறுதியானால் இரண்டு வீட்டாரும் கடைக்குப் போய் உப்பும் சர்க்கரையும் வாங்கி மாற்றிக்கொள்வோம். அதற்குப் பிறகு பேச்சு மாறக் கூடாது. ஆடி போனால் ஆவணியில் கல்யாணம்.

நான் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது என் தலையில் கை வைத்து, நீ இருக்கறப்ப எனக்கென்ன குறை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 17, சனி

அண்ணன் சொன்னது கிறுக்குத்தனம். எனக்குத் தெரியாதா?

இருந்தாலும் யோசித்தேன். யோசிக்கத்தானே செய்தேன். தரணி மாறியிருக்கிறான். மாறினவன் இன்னும் கொஞ்சம் மாற மாட்டானா? சுகிர்தாவைப் பிடித்தவனுக்குப் பிருந்தாவைப் பிடிக்காமலா போகும்? சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அண்ணன் வருவார், நங்கை வருவாள், தீபாவளிக்கு நானும் கொடுமுடி போவேன். ஏழு வருஷமாக ஒவ்வொரு நோன்பி, பண்டிகைக்கும் ஒறம்பரை யாரும் எட்டிப் பார்க்காத இந்த வீட்டில் உட்கார்ந்து இரண்டு வடை சுட்டுத் தின்றவளுக்குத்தான் அந்த வலி தெரியும்.

சட்டென்று நானே பயந்துபோய் எழுந்து பாத்திரம் தேய்க்கப் போனேன்.

ஜூன் 21, புதன்

தரணி கூப்பிட்டான். சுகிர்தாவுக்குப் பருப்புப் பொடி பக்குவம் வேண்டுமாம். சொன்னேன். மாமா வந்துவிட்டுப் போனார் என்பதையும் சொன்னேன். நிஜமாவா என்று அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். எதற்கு வந்தார் என்று கேட்டான். சும்மா பார்த்துவிட்டுப் போக என்றேன். நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த மாதம் கோயமுத்தூர்க் கூட்டத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். முட்டி வலி.

ஜூன் 25, ஞாயிறு

நங்கை கூப்பிட்டாள். புதன்கிழமை வந்து பெண்ணைப் பார்த்துப் பூ வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார் அண்ணன் என்றாள். அவள் குரலில் சுரத்தே இல்லை. போய்ப் பார்ப்பதில் என்ன இருக்கிறது, என் அண்ணன் வீடுதானே. வருகிறேன் என்றேன்.

ஜூன் 28, புதன்

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

காலையில் மில்லைப் பூட்டிவிட்டு, பூவும் பழமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். தோட்டத்து வீட்டில் அண்ணனும் பங்காளிகள் இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வாங்க வாங்க என்று ஒரே மரியாதை. எனக்கு நாற்காலி போட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

பூ வைத்துவிட உள்ளே போனேன். பிருந்தா சமையலறைக்குப் பக்கத்து ரூமில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு தெரிய, நெற்றி முழுக்க விபூதி. என்னைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினாள். காலில் விழப் போகிறாள் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

என்னைத் திட்டப் போகிறாள், இல்லை அழுது இந்தக் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லப் போகிறாள். இரண்டில் எது கேட்டாலும் என்ன சொல்வது என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன். அவள் கேட்டது அது இல்லை.

“அத்தை, மச்சான் என்ன பண்ணுனாருங்க?” என்றாள்.

“என்ன கண்ணு?”

“மாறறதுக்கு. அப்பாகிட்டச் சொல்ல வேண்டாம், எனக்கு மட்டும் சொல்லுங்க. எந்தக் கோயிலு, எந்த டாக்டருன்னாலும் செரி, நானும் பண்றேன். அவருக்குச் சரியாயிருச்சுன்னு கேட்டதுலருந்து நானும் விரதம் இருந்து பாக்கறேனுங்க. பச்சத் தண்ணி குடிக்காமக்கூட இருந்து பாத்துட்டேன். அவ மூஞ்சி போகவே மாட்டேங்குதுங்க அத்தை. எங்கிட்ட என்ன குறைன்னு தெரியல.”

ஒறம்பரை பேசியதை, அண்ணன் பேசியதை எல்லாம் தாங்கியிருக்கிறேன். இதைத் தாங்க முடியவில்லை. நான் போனில் போகிற போக்கில் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இந்தப் பெண் இங்கே தன்னைப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறாள். கோயமுத்தூரில் மைக் பிடித்து ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். என் வீட்டுக்கு ஒரு பெண் வந்ததும் முதலில் சொன்ன சொல் ‘சரியாயிருச்சு’.

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே முழுசாக ஞாபகமில்லை, ஞாபகம் இருக்கிறதை எழுதுகிறேன்.

“அவன் மாறறதுக்கு ஒண்ணுமே பண்ணலடா கண்ணு. அவன் நோவுல கெடக்கவும் இல்ல, இப்ப எந்திரிக்கவும் இல்ல. அந்தப் பையன் மேல வெச்சது நெசம், இந்தப் புள்ள மேல வெச்சதும் நெசம்னு அவன் சொன்னான். நாந்தான் காதுல வாங்கல. சரியாயிருச்சுன்னு சொன்னது நான். எனக்குச் சந்தோசம் தாங்கல, அதான் சொன்னேன்.”

அவள் என்னையே பார்த்தாள். “அப்ப எனக்கு? எனக்கும் நாளைக்கு வேற மாதிரி ஆகுமா?” என்றாள்.

“எனக்குத் தெரியல சாமி. ஆனா ஆகட்டும், ஆகாட்டி போகட்டும். அது தானா வர்றதுன்னா வரும். உன்னப் பட்டினி போட்டு யாரும் வர வெக்க வேண்டாம்.”

பூவை அவள் தலையில் வைக்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு முன்னால் வந்தேன். பங்காளிகள் இருக்கிறார்களே என்று ஒரு நொடி தயங்கினேன். அப்புறம் இருந்தால் இருக்கட்டும் என்று, உப்புச் சர்க்கரை மாற்ற வரமாட்டேனுங்ண்ணா என்றேன். தரணிக்கு ஒன்றும் சரியாகவில்லை, சரியாக வேண்டியதும் ஒன்றும் இல்லை, நான் சொன்னது என் ஆசை என்றேன்.

அண்ணன் எழுந்தார். முகம் கறுத்துவிட்டது. பொட்டச்சி பேச்சைக் கேட்டு ஏழு வருஷ ரோஷத்தை விட்டுவிட்டு உன் வாசலுக்கு வந்தேனே என்றார். பிறகு, “உம் பையன் என்னதான்? அதுவா, இதுவா? ரெண்டுல ஒண்ணு சொல்லிப் போட்டுப் போ” என்றார்.

நான் தரணியிடம் கேட்டதும் இதே கேள்விதான். இதே வார்த்தை. அண்ணன் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

“தெரியலீங்ண்ணா” என்றேன். “அவனுக்கே தெரியலையாமா. தெரியாமயே இருந்துட்டுப் போறான்.”

பிருந்தாவை என்னோடு அனுப்புங்கள், கொஞ்ச நாள் ஈரோட்டில் இருக்கட்டும் என்று கேட்டேன். வாசலைத் தாண்டினால் இரண்டு பேரும் எனக்குச் செத்த மாதிரி என்றார். அதுவரை வாயே திறக்காத நங்கை உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். மேலே பிருந்தாவின் போன் இருந்தது.

“போகட்டும் விடுங்க. இங்க இருந்து சாகறதுக்கு, அங்க போய் ரெண்டு வாய் திங்கட்டும்” என்றாள்.

அண்ணன் திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நாங்கள் வெளியே வரும்வரை திரும்பவே இல்லை. பஸ்ஸில் பிருந்தா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் ஈரோடு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன், அண்ணனுக்காகத்தான். எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன்.

ஜூன் 29, வியாழன்

பிருந்தா நாலு தோசை சாப்பிட்டாள். அண்ணனுக்கு மூன்று தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. தரணியை உடனே வரச் சொன்னேன்.

ஜூன் 30, வெள்ளி

பிருந்தா காலையிலிருந்து உள் ரூமில் போனில் இருக்கிறாள். அந்தக் காங்கேயத்துப் பெண் ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். முதலில் இரண்டு பக்கமும் அழுகைதான். இப்போது பேச்சுச் சத்தம் கேட்கிறது.

தரணி மத்தியானம் வந்தான். பிருந்தாவோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு சமையலறைக்கு வந்தான். நான் எதையும் மறைக்கவில்லை. நங்கைக்குப் போன் போட்டு என்ன சொன்னேன் என்பது, மாமா என்ன கேட்டார் என்பது, இன்றைக்குத்தான் அவனுக்கும் பிருந்தாவுக்கும் உப்புச் சர்க்கரை மாற்ற நாள் வைத்திருந்தது என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நானும் அதை மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டுதான் இருந்தேன் என்பதையும் சொன்னேன்.

கத்துவான் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப்போய் நின்றான். நீயாம்மா என்று மட்டும் கேட்டான். அப்புறம் வெளியே போய் மில் படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். சோறு ஆறிப்போயிற்று. நான் கூப்பிடப் போகவில்லை, என்ன முகத்தோடு போவது?

அவனே திரும்பி வந்தான்.

“ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லு. நானும் சுகிர்தாவும் ஒத்து வராமப் போயி, நாளைக்கு நான் மறுபடி ஒரு பையனக் கூட்டிட்டு வந்தா என்ன பண்ணுவ?”

கோயமுத்தூர்க் கூட்டத்தில் இதைக் கேட்டிருந்தால் மைக்கில் அழகாகப் பதில் சொல்லியிருப்பேன். அந்தப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை முழுங்கிவிட்டேன்.

“கஷ்டமாத்தாண்டா இருக்கும்” என்றேன். “உனக்குத் தெரியாம அழுவேன். சுகிர்தா வந்தப்ப சிரிச்ச மாதிரி எனக்குச் சிரிப்பு வராது. வரோணும்னு ஆசைதான், வரல.”

சொல்லிவிட்டு அவனைப் பார்க்க முடியாமல் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இதோடு இவனும் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். அவன் தட்டை எடுத்து, ஆறின சோற்றைத் தானே போட்டுக்கொண்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“இத்தன வருசத்துல இப்பத்தாம்மா நீ எங்கிட்டப் பேசற” என்றான்.